அசையாத கருக்கல்

குதிரைக்கு ஜாதகம் எழுதி வைத்து, அதை வளர்ப்பவனுக்குக் கூழ் ஊற்றிய காலம் அது.

அந்தக் காலத்தில் தெற்குச் சீமையின் பொட்டல்காட்டில் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. நடத்தியவர் செய்யதம்மாள். ராவுத்தர் வீட்டுப் பெண். வயது நாற்பதுக்கு உள்ளேதான் இருக்கும். அவருடைய தகப்பனாரை, அவர் வாயில் அத்தாவை, எல்லோரும் உஸ்தாது, அதாவது ஆசான், என்று அழைத்தார்கள். அத்தா போன பிறகு அந்தப் பட்டம் யாருக்கு என்று ஆண்கள் ஒரு மாதம் கூடிக் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பண்ணையில் ஒன்பது குட்டிகள் நல்லபடியாகப் பிறந்துவிட்டன. பட்டம் செய்யதம்மாளிடமே தங்கிவிட்டது.

குதிரையை இனம் சேர்ப்பதும், சினை பார்ப்பதும், குட்டியை உயிரோடு எடுப்பதும் கற்றுக்கொள்ளப் பல பாளையங்களிலிருந்து ஆட்கள் வந்து அவரிடம் தங்குவார்கள். ஒரு பங்குனியில் தளபதி கோட்டைச்சாமி வந்தார்.

தளபதிக்கு அறுபது நடந்துகொண்டிருந்தது. வலது தொடையில் பழைய காயம். காலைச் சற்று இழுத்து நடப்பார். அவருக்கு முன்னால் முரசும் கொம்பும் வந்தன. பின்னால் அவருடைய குதிரைக்காரன் சுடலை வந்தான். சுடலையின் கையில் கடிவாளம். கடிவாளத்தின் மறுமுனையில் கருக்கல்.

கருக்கல் பெட்டைக் குதிரை. பொழுது சாய்ந்த பிறகு வானத்தில் மிச்சம் இருக்குமே, அந்த நிறம். தளபதி அவளை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

“நீங்கதான் உஸ்தாதா?” என்றார் தளபதி.

“அப்படித்தான் கூப்பிடுறாங்க. உள்ள வாங்க ஐயா. மேளத்த வெளியவே நிறுத்திடுங்க. ரெண்டு குட்டி தூங்குது.”

தளபதி கையை உயர்த்தினார். முரசு சட்டென்று நின்றது. அவர் கையை உயர்த்தி எதுவும் நிற்காமல் போனதில்லை.

“மூணு வருஷமா இவ வயித்துல ஒரு குட்டி பார்க்கணும்னு கெடக்கேன்,” என்றார். “பாளையக்காரரோட அரபிக் குதிரையோட சேர்த்தேன். ஜோசியர வச்சு நாள் குறிச்சேன். அன்னைக்குக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளம் வச்சு, நானே கடிவாளத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு குறை வைக்கல. மூணு தடவையும் சினை பிடிக்கல. ஏன்?”

“வயசு என்ன?”

“பதினாறு.”

பதினாறு வயதில் தலைக்குட்டி என்பது கடைசி வாய்ப்பு. அது தளபதிக்கும் தெரியும்.

“இவ தாய் செத்துப்போச்சு. கூடப் பெறந்ததும் செத்துப்போச்சு. இந்த வருஷம் தப்பினா அந்த ரத்தம் இவளோட முடிஞ்சுது,” என்றார். அப்போது மட்டும் அவருடைய குரல் தளபதியின் குரலாக இல்லை.

பிறகு அவராகவே கதையைச் சொன்னார். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. ஒன்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிற கதை. ஆற்றுத் துறையில் நடந்த சண்டையில் அவர் தொடையில் வேல் பாய்ந்தது. குதிரையிலிருந்து மணலில் விழுந்தார். சுற்றிலும் வெடிச்சத்தம், ஓடுகிற குதிரைகள், மிதிபடுகிற ஆட்கள். கருக்கல் ஓடவில்லை. அவருடைய உடம்புக்கு மேலே நான்கு கால்களையும் ஊன்றி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓர் அடி நகராமல் நின்றாள். நிற்கிற குதிரையைப் பார்த்துத்தான் அவருடைய ஆட்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

“கண்ணத் தொறந்தா இவ வயிறுதான் தெரியும். அன்னைக்கு எனக்கு வானம்னா அதுதான்,” என்றார் தளபதி. “இப்பப் பாருங்க.”

அவர் கருக்கலிடம் திரும்பி, “நில்” என்றார். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்து அவள் காதோரம் வானத்தை நோக்கிச் சுட்டார்.

பண்ணையில் இருந்த நாற்பது குதிரைகளும் துள்ளின. இரண்டு தாம்புகள் அறுந்தன. தூங்கிய குட்டிகள் விழுந்தடித்துத் தாயிடம் ஓடின. கருக்கல் இமைகூடத் தட்டவில்லை. கற்றுக்கொள்ள வந்திருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

உஸ்தாது மட்டும் கருக்கலின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மாட்டு ஈ உட்கார்ந்திருந்தது.

“ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கீங்க,” என்றார்.

தளபதி மீசையைத் தடவிக்கொண்டார். அந்தக் குரலில் பாராட்டு இல்லை என்பது சுடலைக்கு மட்டும் பட்டது. சுடலை அதைச் சொல்லவில்லை. எசமான் கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“குதிரைய இங்க விட்டுட்டுப் போங்க. அடுத்த வருஷம் வந்து பாருங்க,” என்றார் உஸ்தாது.

“விட்டுட்டா? நான் இல்லாம அவ புல்லுகூடக் கடிக்க மாட்டா. நானும் இருக்கேன். இங்க இருக்கறவங்க மாதிரி நானும் மாணவன். நீங்க எது சொன்னாலும் செய்றேன்.”

“எது சொன்னாலும்?”

“சொல்லிப் பாருங்க.”

“நாளைக்குக் காலையில வாயாடியப் பிடிங்க.”

பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்கள்.

வாயாடி என்பது ஒரு கிழட்டு ஆண் குதிரை. மட்டமான உயரம், பானை வயிறு, கிழிந்த இடது காது. எந்நேரமும் கனைத்துக்கொண்டே இருக்கும். பண்ணையில் அதற்கு ஒரே வேலைதான். ஒரு பெட்டைக் குதிரை எப்போது பருவத்தில் இருக்கிறது என்று மனிதன் நினைத்துக்கொள்வது வேறு, உண்மை வேறு. ஆண் குதிரை கேட்டால் பெட்டை நேராகப் பதில் சொல்லிவிடும். ஆனால் உயர்ந்த சாதிக் குதிரையை அனுப்பிக் கேட்க முடியாது. மனமில்லாத பெட்டை விடுகிற உதையில் அதன் முழங்கால் போய்விடும். அதனால் தினமும் காலையில் வாயாடியைத் தடித்த மரத் தட்டிக்கு இந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு போவார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் பெட்டைகள் நிற்கும். வாயாடி ஒவ்வொருத்தியையும் கேட்டுக்கொண்டே போகும்.

மறுநாள் காலையில், எண்ணூறு குதிரை வீரர்களை நடத்திய கோட்டைச்சாமி அந்தப் பானை வயிற்றுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் பெட்டை காதை மடித்துப் பல்லைக் காட்டியது. இரண்டாவது வீறிட்டுத் திரும்பி, தட்டியில் ஓங்கி ஓர் உதை விட்டது. வாயாடி ஒரு முறை தும்மிவிட்டு அடுத்ததிடம் போனது. அதற்குக் கோபமே வரவில்லை.

“இது என்ன மானங்கெட்ட பொழப்பு,” என்றார் தளபதி.

“வேணாம்னு சொன்னா வேற என்ன பண்ணும்?” என்றார் உஸ்தாது.

நான்காவது பெட்டை வேறு மாதிரி இருந்தது. தானாகத் தட்டியோடு ஒட்டி வந்தது. வாலைத் தூக்கி, பின்னங்கால்களை அகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விட்டது.

“இது?” என்றார் உஸ்தாது.

“சம்மதம்.”

“சுவத்துல போடுங்க.”

சுவரில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரிசை இருந்தது. வேண்டாம் என்றால் கரியால் ஒரு வட்டம். சம்மதம் என்றால் ஒரு கோடு. தளபதி கோடு போட்டார்.

கடைசியில் கருக்கல். தளபதி வருவதைப் பார்த்ததும் அவள் கால்களைச் சேர்த்து, கழுத்தை நிமிர்த்தி நின்றாள். வாயாடி கனைத்தது. மூச்சு விட்டது. தட்டிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. கருக்கல் அசையவில்லை.

“பாருங்க, ஒதைக்கல. சம்மதம்தான்,” என்றார் தளபதி.

“இல்ல.”

“அப்போ வேணாங்கிறாளா?”

“அதுவும் இல்ல.”

“வட்டமும் இல்ல, கோடும் இல்லன்னா சுவத்துல என்னத்தப் போடுறது?”

“ஒண்ணும் போடாதீங்க.”

இப்படியே இருபத்திரண்டு நாள் போனது. சுவரில் மற்ற வரிசைகளில் பத்துப் பதினைந்து வட்டம், பிறகு ஐந்தாறு கோடு, மறுபடி வட்டம் என்று வந்துகொண்டிருந்தது. கோடு வந்த பெட்டைகளை இனம் சேர்க்கும் பொலிகுதிரையிடம் கொண்டுபோனார்கள். கருக்கலின் வரிசை மட்டும் வெறும் சுண்ணாம்பாக இருந்தது. தளபதி இப்போது நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு பெட்டை காதை அசைக்கும் விதத்திலேயே நாளைக்கு அது என்ன சொல்லும் என்று அவரால் சொல்ல முடிந்தது. தன் குதிரையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது அவரை அரித்தது.

இருபத்திரண்டாம் நாள் அவர் வாயாடியின் கயிற்றைக் கீழே போட்டார்.

“காஞ்சுபோயிட்டாளா? அதையாவது வாயத் தொறந்து சொல்லுங்கம்மா. நான் தாங்கிக்கிறேன்.” அவர் தாங்கிக்கொள்ள மாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

உஸ்தாது அவரைக் கருக்கலிடம் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறியிருந்தது. மாட்டு ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. கருக்கல் தளபதியைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

“அவ வயித்தப் பாருங்க.”

தளபதி பார்த்தார். வயிற்றில் நாலைந்து ஈக்கள். ஒன்று குத்திய இடத்தில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

“குதிரைமேல ஈ உட்கார்ந்தா என்ன ஆகும்?” என்றார் உஸ்தாது.

“அந்த எடத்துத் தோல் துடிக்கும்.”

“துடிக்குதா?”

தளபதி குனிந்து பார்த்தார். தோல் துடிக்கவில்லை. வால் தொங்கியபடி இருந்தது. அவர் கையால் ஈக்களை விரட்டினார். அவை சுற்றி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன.

“வாங்க,” என்றார் உஸ்தாது.

இரண்டு பேரும் பனையோலைத் தட்டிக்குப் பின்னால், காற்றுக்கு எதிர்ப் பக்கமாகப் போய் நின்றார்கள். ஓலை இடுக்கு வழியாக உஸ்தாது பார்க்கச் சொன்னார். கருக்கல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஒரு காது திரும்பியது. அப்புறம் மறு காது. பெருமூச்சு விட்டாள். பிறகு வயிற்றுத் தோல், விலா, தொடை என்று உடம்பெங்கும் தோல் சிலிர்த்துத் துடித்தது. வாலை வீசி வீசி அடித்தாள். பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்து ஈயை விரட்டினாள்.

தளபதி இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் இருந்தா ஈயக்கூட ஓட்ட மாட்டாளா?”

“நீங்க இருந்தா அவ சண்டையில இருக்கா,” என்றார் உஸ்தாது. பிறகு சுடலையைக் கூப்பிட்டார். “ஐயா இல்லாதப்ப இவ எப்படி இருப்பா?”

சுடலை எசமானைப் பார்த்தான்.

“சொல்லுடா,” என்றார் தளபதி.

“இங்க வந்த நாலாம் நாளு குளத்துல குளிப்பாட்டினேங்க. கரையில வாயாடியக் கட்டியிருந்தாங்க. இவ கழுத்த நீட்டிக் கூப்பிட்டா. வாலத் தூக்கிக்கிட்டு நகரவே மாட்டேன்னுட்டா. அஞ்சு நாளும் அப்படித்தாங்க. ஆறாம் நாளு என்னையவே கடிக்க வந்தா.”

“அங்கயும்? நம்ம லாயத்துலயும் இப்படித்தானா?”

“வருஷா வருஷம் தாங்க. ஜோசியரு குறிச்ச நாளுக்கு ஒரு வாரத்துக்கு முந்தியே எல்லாம் அடங்கிடுங்க. ஒரு தடவ பத்து நாளு முந்தி.”

“மூணு வருஷமா ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே எசமான்.”

தளபதியின் கை இடுப்பிலிருந்த சாட்டைக்குப் போனது. சுடலை நகரவில்லை. கால்களைச் சேர்த்து, நிமிர்ந்து, முகத்தில் ஒன்றும் இல்லாமல் நின்றான். அந்த நிற்பைத் தளபதி சற்று நேரம் பார்த்தார். கை சாட்டையை விட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் உஸ்தாது வாயாடியின் பிடரியில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். தளபதி வந்து பக்கத்தில் நின்றார்.

“அன்னைக்கு ஆத்துல, விழறதுக்கு முந்தி நான் நில்லுன்னு சொன்னேன்,” என்றார். “அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கே மறந்துபோச்சு. இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு.”

உஸ்தாது முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பது வருஷமா அது பாசம்னு நெனச்சுத்தான் உயிரோட இருக்கேன். அது பாசமா, இல்ல பழக்கமாம்மா?”

“அத என்னைக் கேட்டா? அவளக் கேளுங்க.”

“எப்படிக் கேக்குறது?”

“முதல்ல சினை பிடிக்கட்டும். இனிமே அவள வாயாடிகிட்டக் கொண்டுபோறது சுடலை. நீங்க மத்த குதிரைங்களப் பார்த்துக்குங்க. அவ கண்ணுல படாதீங்க.”

மறுநாள் தளபதி சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து வாயாடியின் கனைப்பு கேட்டது. அடுத்த நொடி ஒரு வீறிடல். தளபதிக்கு அது எந்தக் குதிரை என்று தெரியவில்லை. பிறகு தட்டியில் மரம் பிளக்கிற மாதிரி ஓர் உதை.

சுடலை ஓடி வந்தான். “வேணாம்னுட்டாங்க!”

“அது அவளா கத்தினது?”

“ஆமாங்க.”

பதினாறு வருடத்தில் அவள் குரலை அவர் அன்றுதான் கேட்டார். கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய், வெறும் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டார். ரொம்பக் கவனமாகப் போட்டார். அடுத்த இரண்டு நாளும் வட்டம்.

நான்காம் நாள் வீறிடல் கேட்கவில்லை. உதை கேட்கவில்லை. தளபதி சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சுடலை மெதுவாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“எசமான், சம்மதம்னுட்டாங்க. தட்டிய விட்டு நகர மாட்டேங்கிறா.”

“இன்னைக்கு என்ன நாள்?”

“செவ்வாக்கிழமைங்க. அஷ்டமி வேற.”

தளபதி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். “உஸ்தாதுகிட்டப் போய்ச் சொல்லு,” என்றார்.

பண்ணையில் செம்பன் என்று ஒரு பொலிகுதிரை இருந்தது. அரபி இல்லை. பேரும் புகழும் இல்லை. ஆனால் கால் உறுதி, குணம் சாந்தம், அதன் குட்டிகளில் நொண்டி விழுந்ததே கிடையாது. மேளம் இல்லை, மாலை இல்லை. தளபதி கிணற்றடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேவையே இல்லாமல் இருபது வாளித் தண்ணீர் இறைத்து மறுபடி கிணற்றிலேயே ஊற்றினார். சுடலை வந்து, “ஆச்சுங்க,” என்ற பிறகுதான் கயிற்றை விட்டார். ஒரு நாள் விட்டு மறுநாளும் சேர்த்தார்கள்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். சினை பிடித்ததா என்று அறிவதற்கும் வாயாடிதான் வழி. மூன்று வாரம் கழித்துப் பெட்டை மறுபடி சம்மதம் என்றால், சினை பிடிக்கவில்லை. பதினெட்டாம் நாளிலிருந்து தளபதிக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தோராம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தது போல் சத்தம் கேட்டது.

“என்னடா?”

“தட்டி ரெண்டா ஒடிஞ்சுபோச்சு எசமான்! வாயாடி தலைதெறிக்க ஓடுது!”

தளபதி ஒரு குதிரையின் உதைக்காகப் பண்ணை முழுவதற்கும் வெல்லம் வாங்கிக் கொடுத்தார். முதல் கட்டி வாயாடிக்குப் போனது. அடுத்த வாரமும் உதை, அதற்கடுத்த வாரமும் உதை. உஸ்தாது சுவரில் கருக்கலின் வரிசைக்கு முன்னால் பிறைபோல் ஒரு கீற்றுப் போட்டார். சினை என்று அதற்குப் பொருள்.

பதினொரு மாதம். பாளையக்காரருக்கு ஓலை அனுப்பிவிட்டுத் தளபதி அங்கேயே தங்கிவிட்டார். காலையில் வாயாடியோடு நடந்தார். மூன்று பிரசவங்களில் கை கொடுத்தார். கருக்கலை ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாக மட்டும் பார்த்தார். போகாதீர்கள் என்று இப்போது யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் போகவில்லை. இன்னொன்றும் நடந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சுடலையிடம், “நீ என்னடா நெனக்கிற?” என்று கேட்க ஆரம்பித்தார். முதல் மாதம் முழுக்கச் சுடலை, “உத்தரவுங்க,” என்றே சொன்னான். ஆடி மாதத்தில் ஒருநாள், “கொழம்புல உப்பு ஜாஸ்திங்க, நல்லாவே இல்ல,” என்றான். அன்றைக்குச் சமைத்தவர் தளபதி.

மாசியில் கருக்கலின் மடி கனத்தது. காம்பு நுனியில் மெழுகு போலப் பால் திரண்டது. தளபதி நான்கு நாள் தூங்காமல் இடுக்கிலேயே கண்ணை வைத்துக் கிடந்தார். அவளும் ஈனாமல் நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. உச்சிவேளையில் பண்ணை ஆட்கள் பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் சாப்பாட்டுக்கு. உஸ்தாது தளபதியையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது, கருக்கலின் பக்கத்தில் ஈரமாக, நாலு கோணல் கால்களில் ஒரு பெட்டைக் குட்டி தள்ளாடிக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்திருந்தது. குட்டி தடுமாறித் தடுமாறி மடியைக் கண்டுபிடித்துச் சீம்பால் குடித்தது.

தளபதி இடுக்கு வழியாகவே பார்த்தார். அழுதார். மறைக்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் உஸ்தாது தட்டியின் கதவைத் திறந்தார்.

“உள்ள போங்க. கடிவாளம் வேணாம். பேச வேணாம்.”

தளபதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பத்து அடி வைத்திருப்பார். கருக்கல் தலையைத் தூக்கினாள். இரண்டு காதுகளும் பின்னால் படிந்தன. குட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து, பின்புறத்தைத் திருப்பி, ஒரு காலைத் தூக்கினாள். அந்த முகத்தை அவள் அவருக்குக் காட்டியதே இல்லை.

ஒரே ஒரு சொல் போதும். அவருடைய நாக்கு நுனியில் அது இருந்தது. சொன்னால் அந்தக் கால் இறங்கிவிடும்.

தளபதி பின்னால் நடந்தார். வாயாடி எப்படி ஒரு தும்மலோடு நகருமோ, அப்படி நகர்ந்தார். தூரத்தில் வேலமரத்து நிழலில், வலிக்கிற காலை நீட்டி மண்ணில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. நிழல் நகர்ந்தது. அவர் நகரவில்லை. குட்டி பால் குடித்தது, படுத்தது, எழுந்தது. கருக்கல் மேய்ந்தாள். மேய்ந்துகொண்டே கொஞ்சம் கிட்ட வந்தாள். நின்று பார்த்தாள். போய்விட்டாள். மறுபடி மேய்ந்துகொண்டே வந்தாள்.

ஒரு மூக்கு அவருடைய தலைப்பாகையை முகர்ந்தது. பிறகு கழுத்தை, தோளை. பிறகு தொடையில் இருந்த பழைய தழும்பை. சூடான மூச்சு பட்டது. அவர் கையைத் தூக்கவில்லை.

கருக்கல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். நீட்டிய காலுக்கு இந்தப் பக்கம் ஒரு குளம்பு, அந்தப் பக்கம் ஒரு குளம்பு. பார்த்துப் பார்த்து வைத்தாள். அப்படியே அவருக்கு மேலாக நின்றாள். பின்னாலேயே குட்டி ஓடி வந்து மடியைத் தேடியது.

தளபதி நிமிர்ந்து பார்த்தார். அதே வயிறு. ஒரு மாட்டு ஈ வந்து அதில் உட்கார்ந்தது. அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்துத் துடித்தது. வால் சுழன்று வந்து அவர் கன்னத்தில் பளீரென்று அறைந்தது.

தளபதி சிரித்தாரா அழுதாரா என்று கதவருகே நின்ற சுடலைக்குத் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து அவர் அசையாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அம்மா, அன்னைக்கு ஆத்துல இவ நின்னது?”

உஸ்தாது கதவில் சாய்ந்துகொண்டிருந்தார்.

“அன்னைக்கு நீங்க நில்லுன்னு சொன்னீங்க ஐயா. இன்னைக்கு யார் சொன்னா?”